பையில் பன்னிரண்டு காய்: முதல் ஐந்து பயிற்சிக் கணக்குகளின் கதை

"ஒரு பையில் 4 வெள்ளைப் பந்தும் 8 கருப்புப் பந்தும் உள்ளன..." வணிகவியல் படிக்கிற யாருக்கும் இந்த வரி மனப்பாடமாக இருக்கும். பை, பந்து, பகடை, 52 சீட்டு. நிகழ்தகவுப் பாடத்தில் வேறு எதுவுமே கிடையாதா என்று எரிச்சல் வரும். கடன், காப்பீடு, சரக்கு இருப்பு என்று எத்தனையோ இருக்க, வாழ்நாளில் யார் கண்ணைக் கட்டிக்கொண்டு பையில் கைவிடப் போகிறார்கள்?

ஆனால் அந்தப் பைக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வயது. யார் அதை முதலில் பயிற்சிக் கணக்காக வைத்தார் என்பதும் தெரியும். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

கிறிஸ்டியான் ஹைகன்ஸ் நெதர்லாந்துக்காரர். சனியின் துணைக்கோள் டைட்டனை 1655-ல் கண்டுபிடித்தவர், ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். அதே 1655-ல் பாரிஸுக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒரு சூதாட்டப் பிரச்சினையைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு 32 காசு வைத்து ஆடுகிறார்கள், முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு மொத்தப் பணம். 2-1 என்ற நிலையில் ஆட்டம் நின்றுபோனால் 64 காசை எப்படிப் பிரிப்பது? முன்னால் இருப்பவருக்கு 48, மற்றவருக்கு 16 என்பது அவர்கள் விடை. அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும் முதலாமவருக்கு 32 உறுதி. மீதி 32-ல் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் இன்னொரு 16.

ஹைகன்ஸ் பாரிஸில் இருவரையும் சந்திக்கவில்லை. கேள்வி காதில் விழுந்தது, வழிமுறை கிடைக்கவில்லை. ஊர் திரும்பியதும் தானே உட்கார்ந்து போட்டுப் பார்த்துச் சிறு நூலாக எழுதினார். அது 1657-ல், அவருடைய ஆசிரியர் வான் ஸ்கூட்டனின் நூலோடு சேர்ந்து லத்தீனில் வெளிவந்தது. நிகழ்தகவுக்கென்று அச்சில் வந்த முதல் நூல் அதுதான்.

அதில் 14 தேற்றங்கள். கடைசியில் ஐந்து கணக்குகள். மூன்றுக்கு விடை மட்டும் கொடுத்தார், வழிமுறை கொடுக்கவில்லை. இரண்டுக்கு விடையும் இல்லை. எல்லாவற்றையும் விளக்கினால் வேலை அதிகம், வாசகருக்கும் தேடிப் பார்க்க ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று காரணமும் சொல்லியிருந்தார். நம் பாடநூல்களில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வரும் "பயிற்சி" என்ற தலைப்புக்கு இவர்தான் கொள்ளுத்தாத்தா!

இரண்டாவது கணக்கில்தான் நம்ம பை வருகிறது. 12 காய்கள், 4 வெள்ளை, 8 கருப்பு. மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாக எடுக்கிறார்கள். முதலில் வெள்ளை எடுப்பவர் ஜெயித்தார். மூவரின் வாய்ப்பு என்ன விகிதம்?

எடுத்த கருப்புக் காயைத் திரும்பப் போட்டால், ஒவ்வொரு முறையும் வெள்ளைக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. விகிதம் 9:6:4. திரும்பப் போடாவிட்டால் 77:53:35. கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1665-ல் ஹட்டே என்ற இன்னொரு டச்சுக் கணிதக்காரரும் ஹைகன்ஸும் கடிதத்தில் மோதிக்கொண்டார்கள், விடை ஒத்துவரவே இல்லை. கடைசியில் பார்த்தால் இருவர் கணக்கும் சரி, கேள்வியைப் படித்த விதம்தான் வேறு. பிறகு யாக்கோப் பெர்னூலி மூன்றாவதாகவும் ஒரு பொருள் சொன்னார்: மூவருக்கும் தனித்தனியே 12 காய்கள் என்றும் கொள்ளலாமே? இன்றைய வினாத்தாளில் "திரும்ப வைக்காமல்" என்று அழுத்திச் சொல்கிறார்களே, அந்த இரண்டு சொல் இல்லாததால் வந்த சண்டை இது.

மூன்றாவது கணக்கு சீட்டு. நான்கு வகையில் பத்துப் பத்தாக 40 சீட்டு. நான்கு சீட்டு எடுத்தால் வகைக்கு ஒன்றாக வருமா? 40-ல் 4 எடுக்க 91,390 வழிகள், நமக்கு வேண்டியவை 10,000. சாதகத்துக்கும் பாதகத்துக்கும் விகிதம் 1000:8139. ஹைகன்ஸ் கொடுத்த விடையும் இதுவே.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. இது பாஸ்கலிடமிருந்து வந்த கணக்கு. இருவருக்கும் ஆளுக்கு 12 காய். மூன்று பகடையை உருட்ட வேண்டும். 14 விழுந்தால் முதலாமவருக்கு ஒரு காய் கிடைக்கும், 11 விழுந்தால் இரண்டாமவருக்கு. எதிராளியின் காயெல்லாம் யார் கைக்கு வருகிறதோ அவர் ஜெயித்தார். 216 வழிகளில் 14 விழுவது 15 வழிகளில், 11 விழுவது 27 வழிகளில். அதாவது 5:9. ஒரு சுற்றில் பார்த்தால் பெரிய அநியாயமாகத் தெரியாது. ஆனால் கடைசி வெற்றிக்கான விகிதம் 5-ன் பன்னிரண்டாம் அடுக்குக்கு 9-ன் பன்னிரண்டாம் அடுக்கு: 244140625:282429536481. ஆயிரத்து நூற்று ஐம்பது ஆட்டம் ஆடினால் முதலாமவர் ஏறக்குறைய ஒரு தடவை ஜெயிப்பார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிறு பாதகம், ஆனால் கைமுதல் தீரும்வரை விடாமல் ஆடுவது. லாட்டரிக்கும் சீட்டாட்டத்துக்கும் குடும்பத்தை இழந்தவர்கள் எல்லாருடைய கணக்கும் இதுதான். காப்பீட்டுக் கம்பெனி திவாலாகாமல் இருக்க எவ்வளவு கைமுதல் வேண்டும் என்பதும் இதே வகைக் கேள்வி. 1903-ல் ஸ்வீடனின் பிலிப் லுண்ட்பெர்க் அதைக் காப்பீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சூதாட்டத்திலிருந்து மனித உயிருக்கு இந்தக் கணக்கு தாவியதும் ஹைகன்ஸ் வீட்டில்தான். லண்டனில் கிரான்ட் 1662-ல் ஒரு அட்டவணை வெளியிட்டிருந்தார். பிறக்கும் 100 பேரில் 6 வயதில் உயிரோடு இருப்பவர் 64, 16 வயதில் 40, 26 வயதில் 25 என்று போகும். 1669-ல் தம்பி லோடவைக் இதை வைத்துச் சராசரி ஆயுள் 18 ஆண்டு 2 மாதம் என்று கணக்கிட்டார். அண்ணன் ஒரு வளைகோடு வரைந்து, பாதிப் பேர் ஏறக்குறைய 11 வயதுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்களே என்றார். யார் சொன்னது சரி? இரண்டும் சரி. தம்பி சொன்னது கூட்டுச் சராசரி, அண்ணன் சொன்னது இடைநிலை அளவு. ஆயுள் தொகைக்கு விலை வைக்க முதலாவது வேண்டும், பாதிக்குப் பாதி என்று பந்தயம் கட்ட இரண்டாவது வேண்டும் என்று அண்ணன் பிரித்துக் காட்டினார். முதல் பருவத்தில் நாம் மூன்று மதிப்பெண்ணுக்கு எழுதும் வேறுபாடு, அண்ணன் தம்பி கடிதத்தில் பிறந்தது.

இரண்டே ஆண்டில், 1671-ல், ஹாலந்தின் ஆட்சித் தலைவர் யோஹான் டி விட் ஹைகன்ஸின் அதே முறையில் ஆயுள் ஓய்வூதியத்துக்கு விலை கணக்கிட்டார். அரசு 14 மடங்குக்கு விற்றுக்கொண்டிருந்தது, நியாயமான விலை ஏறக்குறைய 16 மடங்கு என்றார். அடுத்த ஆண்டே அரசியல் கலவரத்தில் ஒரு கும்பல் அவரையும் அவர் அண்ணனையும் கொன்றுபோட்டது.

பெர்னூலியின் நூல் 1713-ல், அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து வந்தது. முதல் பகுதி முழுவதும் ஹைகன்ஸின் நூலும் அதற்கு உரையும்தான். ஒருவர் விட்டுவைத்த வீட்டுப்பாடத்தைப் போடப் போய் இன்னொருவர் ஒரு துறையையே வளர்த்திருக்கிறார்.

நான்காவது கணக்கை நான் சொல்லவில்லையே! அதே 12 காய்களில் 7 எடுத்தால் 3 வெள்ளை வர வாய்ப்பு என்ன? சரியாக மூன்று என்றால் 35:64. குறைந்தது மூன்று என்றால்? அதற்கு விடை தராமல் விடுகிறேன். ஹைகன்ஸ் அதைத்தானே செய்தார்.