கட்டும் பூச்சும் ஒட்டும்: ஒப்பனைப் பசையின் வரலாறு – மைசூர்ப் பகுதிச் சான்றுகளை முன்வைத்து

முன்னுரை

வேடம் புனையும் கலைஞன் தன் உருவை மூன்று வழிகளில் மாற்றிக்கொள்கிறான். கட்டுதல், பூசுதல், ஒட்டுதல் என்பன அவை. மகுடமும் புஜக்கட்டையும் கட்டப்படுவன. அரிதாரம் பூசப்படுவது. தாடி, மீசை, பொய்ம்மூக்கு ஆகியன ஒட்டப்படுவன. முதலிரண்டும் காண்போர் கண்ணில் படவேண்டியவை. ஒட்டுதலுக்கோ, ஒட்டியது தெரியாதிருத்தலே சிறப்பு. அதனாலேயே ஒப்பனை வரலாற்றில் பசை எளிதில் மறக்கப்படுகிறது. தோலின்மேல் ஒட்டும் பசையின் வரலாற்றை, மைசூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த சில சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய ஒப்பனையில் பசை

பரதரின் நாட்டிய சாத்திரம் நால்வகை அபிநயங்களுள் ஒன்றாக ஆகார்யத்தைக் கூறுகிறது. அதனைப் புஸ்தம், அலங்காரம், அங்கரசனை, சஞ்சீவம் என நான்காகப் பகுக்கிறது. தாடியையும் நான்கு வகையாகப் பிரித்து, இன்ன பாத்திரத்துக்கு இன்ன தாடி என வரையறுக்கிறது. வேடத்துக்குரிய தலையணிகளைச் செய்யும் முறையைக் கூறுமிடத்தில், துணியில் வில்வப் பசையைத் தடவி உருவாக்கும் முறை காணப்படுகிறது. வில்வப் பழத்தின் உள்ளே விதைகளைச் சூழ்ந்துள்ள கொழகொழப்பான பிசின் உலர்ந்தபின் இறுகும் இயல்புடையது. இங்குப் பசை பொருளை உருவாக்கவே பயன்படுகிறது. தோலின்மேல் நேரே தடவப்படவில்லை என்பது கருதத்தக்கது.

தமிழ்க் காப்பியங்களுள் மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, தாடியோடு பெண்கோலம் கொண்டு ஆடும் பேடியைக் காட்டுகிறது. ஆண்மைக்குரிய தாடியும் பெண்மைக்குரிய அணியும் ஓருருவில் கூடுவதே அவ்வாடலின் சுவை. முகமயிர் ஒரு பாத்திரத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டமைக்கு இஃது ஒரு சான்று எனலாம்.

தோலோடு நேரே ஒட்டும் முறைக்குத் தென்னகத்தில் சிறந்த எடுத்துக்காட்டு கதகளியின் சுட்டியாகும். அரிசிமாவையும் சுண்ணாம்பையும் குழைத்து, தாடையோரமாக அடுக்கடுக்காக இட்டு, வெண்ணிற விளிம்பாக வளர்ப்பர். பிற்காலத்தில் தாளை வெட்டி ஒட்டும் வழக்கமும் வந்தது. சுட்டியிடும்போது கலைஞர் மணிக்கணக்கில் அசையாது படுத்திருத்தல் வேண்டும். கருநாடகக் கடற்கரையின் யக்ஷகானத்திலும் அரக்கர் வேடங்களுக்கு இவ்வாறு மாப்பசையால் முகத்தில் புடைப்புகள் இடுவதுண்டு. இவை ஓரிரவுக்குரியவை. விடிந்ததும் நீரால் கரைந்து நீங்குபவை.

சீரங்கப்பட்டணப் போரும் காசுக்கட்டிப் பசையும்

மேடைக்கு அப்பால், தோலொட்டுப் பசை பற்றிய அரிய குறிப்பு ஒன்று மைசூர்ப் போர்களோடு தொடர்புடையது. 1794 அக்டோபரில் இலண்டன் மாத இதழான ஜென்டில்மேன்ஸ் மேகசின் ஒரு மடலை வெளியிட்டது. 1792-இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டியோட்டியாக இருந்த கௌவாஸ்ஜி என்னும் மராட்டியர் திப்புவின் படையினரிடம் சிறைப்பட்டார் என்றும், அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன என்றும் அம்மடல் கூறுகிறது. ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனே அருகில், செங்கல் அறுக்கும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் புதுமூக்கு அமைத்தார்.

அம்முறை வருமாறு: மெழுகுத் தகடு ஒன்றை எஞ்சிய மூக்கின்மேல் பொருத்தி அளவெடுத்தனர். பின்னர் அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்தனர். அவ்வளவில் நெற்றித் தோலை அறுத்து, புருவங்களுக்கிடையே சிறு பகுதியை மட்டும் விட்டுக் கீழே திருப்பிப் பொருத்தினர். இணைப்பைக் காத்தது காசுக்கட்டிப் பசை. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிக் கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினர். நான்கு நாள்கள் வேறு மருந்து எதுவும் இடப்படவில்லை. அதன்பின் பசையை நீக்கி நெய்யில் தோய்த்த துணி இடப்பட்டது.

வெற்றிலையோடு மெல்லப்படும் காசுக்கட்டி கருங்காலி இன மரத்தின் வைரத்தைக் காய்ச்சிப் பெறும் துவர்ப்புப் பொருளாகும். அத்துவர்ப்பு தோலைச் சுருங்கச் செய்து குருதிக் கசிவைக் குறைக்கும். ஆகவே அது பசையாகவும் மருந்தாகவும் ஒருங்கே பயன்பட்டது. இம்மடலின் தூண்டுதலால் ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1814-இல் இலண்டனில் இம்முறையைச் செய்து, 1816-இல் நூலாக வெளியிட்டார். புத்துறுப்பு மருத்துவத்தின் வரலாற்றில் இஃது ஒரு திருப்புமுனையாகும். போற்றத்தக்க அக்கைவினைஞரின் பெயர் அம்மடலில் இல்லை என்பது வருந்தத்தக்கது.

அரக்கும் சாராயப் பிசினும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் அரசவையின் ஆதரவில் சாமராஜேந்திர கர்நாடக நாடக சபை தோன்றியது. தமிழகத்தில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவினார். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் பாலர் நாடகக் குழுக்கள் வளர்ந்தன. ஆடவரே பெண் வேடமும், சிறுவரே முதியோர் வேடமும் பூண்ட அம்மேடைகளில் சவரியும் டோப்பாவும் ஒட்டுத்தாடியும் இன்றியமையாதன ஆயின. ஒட்டுத்தாடிக்குரிய பசை ஒப்பனையாளர் வழக்கில் 'ஸ்பிரிட் கம்' எனப்பட்டது. மரப்பிசினைச் சாராயத்தில் கரைத்தால் கிடைப்பது அது. தோலில் தடவியதும் சாராயம் ஆவியாகிப் பறக்கும்; பிசின் எஞ்சி ஒட்டும்.

மரத்துக்கு மெருகூட்டும் வார்னிசும் பிசினைச் சாராயம் போன்ற ஒரு கரைப்பானில் கரைத்துச் செய்வதேயாகும். மைசூரில் 1937-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், காட்டு அரக்கை மூலப்பொருளாகக் கொண்டு ஓர் ஆலை நிறுவப்பட்டது. இன்று மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம் எனப்படும் அவ்வாலையே 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் அழியா மையைச் செய்து வருகிறது. அம்மையும் பசையும் தோலை அணுகும் முறையில் வேறானவை. பசை தோலின் மேற்பரப்பைப் பற்றுகிறது, கரைப்பானால் நீங்குகிறது. மையிலுள்ள வெள்ளி நைட்ரேட்டோ தோலின் புரதத்தோடு சேர்ந்து கருக்கிறது. மேல்தோல் உதிரும்வரை நீங்குவதில்லை. நடிகனுக்கு வேண்டுவது முதலாவது இயல்பே. வேடம் கலைய வேண்டும்.

படக்கருவியின் கண்

எண்ணெய் விளக்கொளியில் தொலைவிலிருந்து கண்டோர்க்குத் தாடியின் விளிம்பு தெரிந்ததில்லை. 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் பேசும்படக் காலம் தொடங்கியபின், அண்மைக் காட்சி அவ்விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டியது. மெல்லிய வலைத்துணியில் முடியை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு ஒட்டும் முறை இதற்கு விடையாயிற்று. அமெரிக்காவில் நுரை ரப்பர்த் துண்டுகள் 1939-இன் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் பெரிதும் பயன்பட்டன. டிக் ஸ்மித் 1970-இல் 'லிட்டில் பிக் மேன்' படத்துக்காக, முழு முகமூடிக்கு மாறாக ஒன்றன்மேல் ஒன்று படியும் பல சிறு துண்டுகளை ஒட்டி முதுமையைக் காட்டினார். தசை அசையும்போது துண்டும் உடன் அசைய, பசை நெகிழ்வுடையதாதல் வேண்டும். நீரில் கலந்த அக்ரிலிக் பசைகளும், மருத்துவத்திலிருந்து வந்த சிலிக்கோன் பசைகளும் இத்தேவையால் ஒப்பனைக்கு வந்தன.

தமிழ்த் திரையில் 1996-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. மைக்கேல் வெஸ்ட்மோர் ஒப்பனை செய்த 'இந்தியன்', 'அவ்வை சண்முகி' ஆகிய இரண்டும் அவ்வாண்டில் வெளிவந்தன. பின்னதன் பெயர், மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி. கே. சண்முகத்தை நினைவுகூர்வது. அக்கதையில் ஒப்பனைக் கலைஞர் ஒருவரும் பாத்திரமாக வருகிறார். சிறந்த ஒப்பனைக்கான தேசியத் திரைப்பட விருது 2006-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே வழங்கப்படுகிறது.

தோல் செலுத்தும் விலை

பசையின் சுமையைத் தாங்குவது நடிகரின் தோல். பைன் மரப் பிசின் ஒவ்வாமை தரக்கூடியதென மருத்துவம் கண்டுள்ளது; ரப்பர்ப் பாலும் சிலர்க்கு ஒவ்வாது. சிறிதளவு பசையை முன்கையில் தடவிப் பார்த்தபின்னரே முகத்தில் இடவேண்டும் என்பதும், ஒட்டியதை இழுத்துப் பிய்க்காமல் உரிய நீக்கியால் தளர்த்தியே எடுக்கவேண்டும் என்பதும் இத்தொழிலின் அடிப்படை விதிகள். வியர்வையும் எண்ணெயும் பசையைத் தளர்த்துமாதலால், வெப்ப நாட்டுக் கலைஞர் மீண்டும் மீண்டும் பூசவேண்டியவராகிறார்; அதனால் தோலுக்கு ஊறும் மிகுகிறது. சாராயம் எளிதில் தீப்பற்றுவது. 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் படப்பிடிப்பு நிலையத்தில் 62 பேரைப் பலிகொண்ட தீவிபத்துக்கு ஒப்பனைப் பொருள் காரணமாகக் கூறப்படவில்லை. எனினும், எரியும் பொருளும் விளக்கு வெப்பமும் ஓரிடத்தில் கூடும் தொழிலில் காப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அது உணர்த்தியது.

முடிவுரை

தமிழில் 'ஒட்டு' என்னும் சொல் பசையால் சேர்ப்பதையும் உயிரோடு சேர்ப்பதையும் ஒருங்கே குறிக்கிறது. ஒட்டுமீசை முதல்வகை, ஒட்டுமாங்கன்று இரண்டாம் வகை. மொழியியலார் தமிழை ஒட்டுநிலை மொழி என்பர். அங்கு ஒட்டு, சேர்ந்தும் தன் விளிம்பு தெரிய நிற்கிறது. கௌவாஸ்ஜியின் முகத்தில் காசுக்கட்டி நான்கு நாள்கள் நின்று, தோல் தோலோடு கூடுவதற்கு வழிவிட்டு நீங்கியது. மேடையிலோ தோலும் துண்டும் கூடுவதில்லை. கூடியதுபோல் ஓரிரவு தோன்றுகின்றன. இரண்டிலும் நற்பசைக்குரிய இலக்கணம் ஒன்றே: உரிய காலம்வரை பிடித்தல், உரிய காலத்தில் ஊறின்றி விடுதல். இவ்வறிவைக் கையில் வைத்திருந்த பூனே வினைஞரைப்போலப் பெயரின்றி மறைந்த ஒப்பனையாளர் பலர். அவர்தம் தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்தல், தமிழ் நாடக ஆய்வு உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.