காத்திருப்போர் வரிசைக்குப் பெயர் வந்த கதை

மார்ச் மாதத் தொடக்கம் முதல் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிய வாரங்கள் வரை அமெரிக்கப் பள்ளிகள் வசந்தகால விடுமுறை விடுகின்றன. பெரும்பாலும் அது ஒரு வார விடுமுறை. அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. விடுமுறை வாரத்தை ஒவ்வொன்றும் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே கூட்டம் ஒரே நாளில் பெருகி அடங்குவதில்லை. வாரந்தோறும் அலையலையாக எழுகிறது. அந்த அலைகள் சென்று சேரும் கரைகளுள் முதன்மையானது ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ. அங்கே டிஸ்னி வேர்ல்டிலும் யுனிவர்சல் பூங்காவிலும் குழந்தைகளோடு நாளைக் கழிக்கும் பெற்றோர் மிகுதியாகச் செய்வது சவாரி அன்று, காத்திருத்தலே. சில நிமிடச் சவாரிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிற்பது அங்கே இயல்பான செய்தி.

கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறு பெரும்பாலும் நிறுவியவர்களின் வரலாறாகவோ இயந்திரங்களின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. அவ்வரலாற்றை வரிசையின் பக்கம் நின்று வாசித்தால் வேறொரு கதை தெரிகிறது. வரிசையில் நிற்க யாருக்கு உரிமை இருந்தது, வரிசையில் நின்றே தீரவேண்டியவர் யார் என்னும் இரு வினாக்களுக்கும் இடைப்பட்ட கதை அது. முதல் வினாவிற்காகச் சிறை சென்றோர் உண்டு. இரண்டாவது வினா இன்று விலைப்பட்டியலாக மாறியிருக்கிறது.

வேலியிட்டு நுழைவுக் கட்டணம் வாங்கும் பூங்கா என்னும் கருத்து பழையது. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1895இல் சீ லயன் பூங்காவும், 1897இல் ஸ்டீபிள்சேஸ் பூங்காவும் அம்முறையில் எழுந்தன. 1903இல் லூனா பூங்காவும் அடுத்த ஆண்டில் டிரீம்லேண்டும் தொடர்ந்தன. 1920இல் சுரங்க ரயில் கோனி ஐலண்டை எட்டியபோது, 5 சென்ட் கட்டணத்தில் நகரத்தின் உழைக்கும் மக்கள் கடற்கரைக்கு வந்து குவிந்தனர். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டு இதற்கு நேர்மாறான இடத்தைத் தேர்ந்துகொண்டது. அது நகர ரயிலின் கடைசி நிறுத்தத்தில் அமையவில்லை. நெடுஞ்சாலையின் ஓரத்தில் அமைந்தது. சொந்தமாகக் கார் வைத்திருக்கும் குடும்பமே அதன் மனத்திலிருந்த வருகையாளர். பெரியவர்க்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர், சிறுவர்க்கு 50 சென்ட். ஆளைப் பார்த்துத் தடுப்பதற்கு அங்கே தேவை குறைவு. தொலைவும் காரும் கட்டணமுமே ஒருவகைச் சல்லடையாக நின்றன.

நாட்டின் பிற இடங்களிலோ சல்லடை இத்துணை நுட்பமானதாக இல்லை. வாஷிங்டன் நகருக்கு அருகே, மேரிலாந்து மாநிலத்தில் இருந்த கிளென் எக்கோ பூங்கா கறுப்பின மக்களை உள்ளே விடுவதில்லை. 1960 ஜூன் 30 அன்று ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அப்பூங்காவின் குதிரை ராட்டினத்தில் ஏறி அமர்ந்தனர். ஐவர் கைது செய்யப்பட்டனர். ராட்டினத்தில் உட்கார்ந்தமைக்காக நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1964இல் தண்டனை நீக்கப்பட்டது. பூங்காவின் தனியார் காவலருக்கே அரசு காவல் அதிகாரம் வழங்கியிருந்ததால், அவர் செய்த கைது அரசின் செயலே என்று நீதிமன்றம் கண்டது. தீர்ப்புக்கு முன்பே, மக்கள் இயக்கத்தின் அழுத்தத்தால் பூங்கா 1961ஆம் ஆண்டுப் பருவத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

பால்டிமோருக்கு அருகிலிருந்த குவின் ஓக் பூங்காவில் போராட்டம் இன்னும் பெரிதாக நடந்தது. 1963 ஜூலை 4 அன்று, விடுதலை நாளிலேயே, ஏறத்தாழ 300 பேர் கைதாயினர். அவர்களுள் சமயத் தலைவர்கள் பலர். அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று அப்பூங்கா கறுப்பினக் குடும்பங்களை முதன்முதலாக உள்ளே விட்டது. வாஷிங்டன் பேரணி நடந்த நாளும் அதுவே. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்று அன்று அங்கிருந்த குதிரை ராட்டினத்தில் ஏற்றப்பட்டது. அதே ராட்டினம் 1981இல் வாஷிங்டன் நகரின் தேசியப் பூங்காவெளிக்குக் கொண்டுவரப்பட்டது. பேரணி நடந்த அதே வெளி அது.

அவ்வாண்டு ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா இடம்பெறுகிறது. தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட ஃபன்டவுன் பூங்காவுக்குத் தான் ஏன் போகக்கூடாது என்று ஆறு வயது மகள் கேட்க, தந்தை நாத்தடுமாறி நிற்கும் நிலையை அவர் விவரிக்கிறார். 'பொறுத்திருங்கள்' என்று அறிவுரை கூறியவர்களுக்கு எழுதிய மறுமொழி அக்கடிதம் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். காத்திருத்தல் என்பது ஆள்வோர் ஆளப்படுவோர்மேல் சுமத்தும் நிலை என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, குழந்தையின் கேளிக்கை.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்தது. அதற்குப் பின்னும் ஆர்க்கன்சா மாநிலத்தின் லேக் நிக்சன் கேளிக்கை மையம், தன்னைத் 'தனியார் மன்றம்' என்று சொல்லிக்கொண்டு 25 சென்ட் 'உறுப்பினர்' அட்டை விற்றது. வெள்ளையர் எவரும் அந்த அட்டையைப் பெறலாம். கறுப்பினத்தவர்க்கு மட்டும் கிடைக்காது. 1969இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல் வேடத்தைக் கலைத்தது. வாடிக்கையாளருக்கு 'உறுப்பினர்' என்று பெயர் மாற்றியதால் பொது இடம் தனியிடம் ஆகிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வாறு வாயில் திறந்தது. உள்ளே என்ன நடந்தது?

தொடக்ககால டிஸ்னிலேண்டில் நுழைவுக் கட்டணம் வேறு, சவாரிக் கட்டணம் வேறு. 1955 அக்டோபரிலிருந்து சீட்டுகளைப் புத்தகமாகத் தைத்து விற்றனர். எளிய சவாரிக்கு ஏ, பி சீட்டுகள். சிறந்தவற்றுக்கு மேல்வரிசை எழுத்துகள். 1959இல் மேட்டர்ஹார்ன் மலைச் சவாரி முதலியவை வந்தபோது இ சீட்டு பிறந்தது. 'இ டிக்கெட்' என்னும் தொடர் பூங்காவைக் கடந்து, மிகச் சிறந்த அனுபவம் எதனையும் குறிக்கும் வழக்காக அமெரிக்க ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. 1971 அக்டோபர் 1 அன்று ஆர்லாண்டோவில் திறக்கப்பட்ட டிஸ்னி வேர்ல்டும் இம்முறையையே பின்பற்றியது. 1982இல் சீட்டுப் புத்தகங்கள் கைவிடப்பட்டு, ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரிகளும் என்ற முறை நிலைபெற்றது.

அந்த மாற்றத்தின் சமூகப் பொருள் போதிய கவனம் பெறவில்லை. சீட்டுப் புத்தகக் காலத்தில் சவாரியைப் பங்கிட்டது பணம். 1982க்குப் பின் பங்கிட்டது நேரம். வாயிலைக் கடந்தபின் மருத்துவரின் பிள்ளையும் பேருந்து ஓட்டுநரின் பிள்ளையும் ஒரே கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து நகர்ந்தார்கள். வாயிலே ஏழைகளை வடிகட்டிவிட்டது என்பது உண்மைதான். ஆயினும் உள்ளே வந்தவர்க்குள் முன் வந்தவர் முன்னே என்பதொன்றே விதி.

1999இல் டிஸ்னி 'ஃபாஸ்ட்பாஸ்' முறையைக் கொண்டுவந்தது. இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால், எந்த ஒரு மணி நேர இடைவெளிக்குள் திரும்பி வரவேண்டும் என்று அச்சிட்ட தாள் கிடைக்கும். வரிசையில் உடல் நிற்கவேண்டியதில்லை, தாள் நிற்கும். இது இலவசம், எல்லோருக்கும் பொது. ஆனால் அன்றைக்கே மொழியில் ஒன்று நிகழ்ந்தது. அதுவரை வரிசைக்கு 'வரிசை' என்பதே போதுமான பெயர். இப்போது பழைய வரிசைக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. 'ஸ்டாண்ட்பை' என்று பெயரிட்டார்கள்.

புதியது தோன்றியபின் பழையதற்கு வேறுபடுத்தும் பெயர் இடுவதை மொழியியலார் ரெட்ரோனிம் என்பர். நமக்கு நன்கு பழகிய எடுத்துக்காட்டு 'ஊமைப்படம்'. ஊமைப்படம் ஓடிய காலத்தில் அதை யாரும் ஊமை என்று எண்ணியதில்லை. அது வெறும் படம். பேசும்படம் வந்த பிறகே பழைய படத்துக்கு ஊமை என்னும் குறை ஒட்டிக்கொண்டது. 'ஸ்டாண்ட்பை' என்பதும் அத்தகையதே. விமானப் பயண வழக்கில் அது, இடம் உறுதியாகாமல் யாரேனும் வராவிட்டால் ஏறலாம் என்று காத்திருப்பவரின் நிலை. முழு நுழைவுக் கட்டணம் செலுத்தி வந்த குடும்பம், தான் நிற்கும் இடத்தின் பெயராலேயே உறுதியற்ற பயணியாகிவிட்டது. விலை நிர்ணயம் பின்னர் வந்தது. தகுதிக்குறைவு பெயரில் முன்னரே குடியேறிவிட்டது.

விலை 2021 அக்டோபரில் ஆர்லாண்டோவுக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட இலவச முறைக்கு மாற்றாக, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் கட்டணத்தில் 'லைட்னிங் லேன்' என்னும் மின்னல் தடம் திறக்கப்பட்டது. டிஸ்னி இதில் முன்னோடி அன்று. யுனிவர்சல் உள்ளிட்ட பிற பூங்காக்கள் விரைவுத் தடத்தை முன்பே விற்றுவந்தன. அடுத்த ஆண்டிலேயே இக்கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதாயிற்று. 2024 அக்டோபர் இறுதியில் உயர்நிலைச் சீட்டு அறிமுகமானபோது அதன் விலை, பூங்காவையும் தேதியையும் பொறுத்து ஆளுக்கு 129 முதல் 449 டாலர் வரை இருந்தது. நால்வர் கொண்ட குடும்பம் உச்ச விலை நாளில் இதற்கென்றே 1,796 டாலர் தரவேண்டியிருந்தது. நுழைவுக் கட்டணம் தனி.

'விரும்பியவர் வாங்கட்டும், மற்றவர்க்கு என்ன இழப்பு?' என்று கேட்கலாம். இழப்பு கணக்கிலேயே இருக்கிறது. ஒரு சவாரி மணிக்கு 1,000 பேரை ஏற்றும் என்று கொள்வோம். அவ்விடங்களில் 700 மின்னல் தடத்துக்குச் சென்றால், பொது வரிசைக்கு எஞ்சுவது 300. விற்கப்படும் நேரம் புதிதாக உண்டாக்கப்பட்டதன்று. பக்கத்துத் தடத்தில் நிற்பவரிடமிருந்து எடுக்கப்பட்டது. மைக்கேல் சாண்டெல் 2012இல் வெளியிட்ட, பணத்தால் வாங்க இயலாதவை பற்றிய நூலின் முதல் இயல் வரிசை தாண்டுவதைப் பற்றியது. கேளிக்கைப் பூங்காக்களும் அதில் பேசப்படுகின்றன. சந்தை அறம் வரிசை அறத்தை எவ்வாறு வெளியேற்றுகிறது என்பது அவர் கவலை.

பொருளியலார் இதற்குத் தரும் மறுப்பு வலுவானது. தேதிக்கேற்ப விலை மாறினால் கூட்டம் நெருக்கமற்ற நாட்களுக்கு நகரும், எல்லோருக்கும் காத்திருப்பு குறையும் என்பது அவர்கள் வாதம். 2016இல் டிஸ்னி ஒருநாள் நுழைவுச்சீட்டுக்குப் பருவத்திற்கேற்ற விலை வைத்தபோதும், 2018இல் பலநாள் சீட்டுக்கும் தேதிவாரி விலை வந்தபோதும் முன்வைக்கப்பட்ட நியாயம் இதுவே. நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உடையவர்க்கு இவ்வாதம் பொருந்தும். வசந்தகால விடுமுறைக் குடும்பத்துக்கு அவ்வுரிமை எங்கே இருக்கிறது? பிள்ளையின் வாரத்தைப் பள்ளி மாவட்டம் வகுக்கிறது. பெற்றோரின் நாட்களை வேலை தருபவர் வகுக்கிறார். 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் தரச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தையும் மிகைநேரக் கூலியையும் வரையறுத்தது. ஊதியத்துடன் கூடிய விடுப்பைக் கட்டாயமாக்கவில்லை. இன்றளவும் தனியார் நிறுவனங்கள் அத்தகைய விடுப்பை அளிக்கவேண்டும் என்று வற்புறுத்தும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே இல்லை. இரு நாட்காட்டிகளும் ஒன்றையொன்று தொடும் ஒரே வாரத்தில்தான் இக்குடும்பம் வரமுடியும். அந்த வாரத்தில் விலையை உயர்த்துவது கூட்டத்தைப் பெரிதும் நகர்த்தாது. வந்தவர்களைத் தரம் பிரிக்கும், அவ்வளவே.

ஆகவே இங்கே விற்பனைச் சரக்கு நெரிசல்தான். வரிசை நீளாத நாளில் மின்னல் தடத்துக்கு மதிப்பில்லை. கூட்டம் மிகுந்த வாரமே அதன் அறுவடைக்காலம்.

தமிழில் 'வரிசை' என்னும் சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று நிரல், ஒருவர் பின் ஒருவராக நிற்கும் ஒழுங்கு. மற்றொன்று தகுதி, சிறப்பு. புலவர்தம் வரிசை அறிந்து பரிசில் தருதல் புறநானூற்று மரபு, திருமண வீட்டுச் சீர்வரிசை இன்றைய வழக்கு. முதற்பொருளில் வரிசை மனிதரைச் சமமாக்குகிறது. இரண்டாம் பொருளில் ஏற்றத்தாழ்வை அறிவிக்கிறது. அமெரிக்கப் பூங்காவின் வரிசை கடந்த கால் நூற்றாண்டில் முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நடந்துவந்திருக்கிறது என்று சுருங்கச் சொல்லலாம்.

நிறத்தால் விலக்கியதையும் விலையால் பின்தள்ளுவதையும் ஒன்றென்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. முன்னது மனிதரை மனிதரென்றே ஏற்கவில்லை. அதை எதிர்த்தவர்கள் சிறைக்குச் சென்றார்கள். பின்னதில் எவருக்கும் வாயில் மூடப்படவில்லை. ஆனால் 1960இலும் 1963இலும் அந்த மாணவர்களும் பெற்றோரும் கேட்டது என்ன என்பதை மறக்கலாகாது. அவர்கள் முன்னுரிமை கேட்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து நிற்கவும், தம் முறை வரும்போது ஏறவும் கேட்டார்கள். பொது வரிசையில் ஓரிடம் என்பதே அன்றைய கோரிக்கை. அந்த ஓரிடத்துக்கு இன்று 'ஸ்டாண்ட்பை' என்று பெயர்.

வரலாறும் மொழியியலும் பயிலும் மாணவ நண்பர்கள் பழைய சீட்டுப் புத்தகங்கள், பூங்கா வரைபடங்கள், அறிவிப்புப் பலகைகள், விலைப்பட்டியல்கள் ஆகியவற்றை ஆவணங்களாக எடுத்து வாசிக்க வேண்டும். ஒரு நிறுவனம் மனிதரை எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதை அதன் கொள்கை அறிக்கைகளைவிட அது வைக்கும் பெயர்கள் தெளிவாகச் சொல்லும். எந்தத் தடத்துக்குப் புதுப்பெயர் வந்தது என்பதோடு, அதனால் எந்தத் தடம் தன் பழைய பெயரை இழந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.