நகோயாவில் எழுந்த சிறு வீடு

முப்பரிமாண அச்சைக் கண்டறிந்தவர் அமெரிக்கரான சக் ஹல் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1984இல்; பெற்றது 1986இல். ஆனால் ஜப்பானில், நகோயா நகராட்சியின் தொழில்துறை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹிதேயோ கொடாமா, புறஊதா ஒளி பட்ட இடத்தில் மட்டும் இறுகும் திரவப் பிசினை (வேப்பம்பிசினை எண்ண வேண்டா, இது வேதிக்கூடத்துப் பொருள்) அடுக்கடுக்காக உறையச் செய்து, சிறு வீடொன்றின் மாதிரியையே எழுப்பிவிட்டார். அம்முறையை 1981இல் ஆய்விதழிலும் வெளியிட்டார். 1980இல் அவர் அளித்த காப்புரிமை விண்ணப்பமோ, பரிசீலனைக்கான கோரிக்கை உரிய காலத்துள் தரப்படாமையால் வீணாயிற்று. எந்திரமாக்கிச் சந்தைக்குக் கொணர்ந்த ஹல்லின் உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. முதன்மையை மட்டும் அவருக்கே எழுதிவைக்க மனம் ஒப்பவில்லை. 1995இல் பிரிட்டனின் ரேங்க் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.