சாராயக் குத்தகையும் தண்டச் சட்டமும்

போதையையும் குற்றத்தையும் ஆராய்வோர் பெரும்பாலும் குடித்தவனிடமிருந்தே தம் ஆய்வைத் தொடங்குகின்றனர். விற்றவன் யார், விற்கும் உரிமையை அவனுக்கு அளித்தவன் யார் என்னும் வினாக்கள் பின்னரே எழுகின்றன. பல வேளை எழுவதேயில்லை. மலையகத்தைப் பொறுத்தவரை நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தல் வேண்டும்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையிலுள்ள புசல்லாவை, இலங்கைத் தோட்டத்துறையின் மூத்த நிலங்களுள் ஒன்று. வோம்ஸ் சகோதரர்கள் 1840களில் இங்கே ரொத்சைல்ட் தோட்டத்தில் கோப்பியோடு சீனத்துத் தேயிலையையும் நட்டுப் பார்த்தனர். காடழித்து அத்தோட்டங்களை ஆக்கியவர்களோ தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த உழைப்பாளிகள். அவர்களுடைய கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. கங்காணியிடம் பட்ட கடனோ நிற்காமல் வளர்ந்தது.

இத்தகைய மக்களை ஆள்வதற்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது. சொல்லாமல் வேலையை விட்டு நீங்குதல், கீழ்ப்படியாமை, துடுக்காகப் பேசுதல் ஆகியவை அச்சட்டத்தின்படி சிறைக்குரிய குற்றங்கள். மூன்று மாதம் வரை கடூழியச் சிறை!  அக்குற்றப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: குடிவெறி.

அந்தக் குடியை விற்றவர் எவர்? ஒல்லாந்தர் காலத்து வழக்கத்தைத் தொடர்ந்து, சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலமிட்டுக் குத்தகைக்கு விட்டது பிரித்தானிய அரசு. ஏலத்தொகைக்கு மேல் வந்ததெல்லாம் குத்தகைக்காரனின் இலாபம். ஆகவே, தவறணையில் எவ்வளவு மிகுதியாக விற்றதோ அவ்வளவுக்கு அவன் செழித்தான். இவ்வாறு திரண்ட செல்வமே இலங்கை முதலாளி வர்க்கத்தின் முதன்மையான ஊற்றுகளுள் ஒன்று என்பதைக் குமாரி ஜயவர்த்தனா 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். மாட்டுத் திருட்டு, கொலை, கலகம் ஆகியவற்றை ஜோன் ரொஜர்ஸ் 1987இல் ஆராய்ந்தார். இவ்விரு ஆய்வுகளையும் ஒருசேரப் படிக்கும் மாணவர் தோட்டத்துச் சட்டத்தையும் அவற்றோடு வைத்துப் பார்ப்பாராக. ஒரு கையால் சாராயத்தை விற்று மறு கையால் குடிவெறிக்குத் தண்டனை கொடுத்த அரசின் உருவம் அப்போதுதான் முழுமையாகத் தெரியும்.

மதுவிலக்கு இயக்கம் 1904இலும் 1912இலும் எழுந்தது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அதன் தலைவர்கள் பலர் சிறையிடப்பட்டனர். அது ஏகாதிபத்திய எதிர்ப்புணர்வை ஊட்டியது உண்மை. ஆயினும் லயத்து மக்களின் கூலியும் கடனும் அதன் கோரிக்கைகள் ஆகவில்லை. அவற்றைப் பேச 1919இல் பொன்னம்பலம் அருணாசலமும் பெரி சுந்தரமும் தொழிலாளர் நலச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல் ஒழிந்தது.

அபினுக்கும் பிற அபாயகர ஔடதங்களுக்கும் 1929இல் தனிச் சட்டம் வந்தது. 1984இல் அது திருத்தப்பட்டு, ஹெரோயினைக் கிராம் கணக்கில் நிறுத்து மரணதண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அவ்வாண்டிலேயே சட்டமூலம் நிறுவப்பட்டது. சாராயத்தின் மீதான மதுவரியோ இன்றும் திறைசேரியின் பெரிய வருவாய்களுள் ஒன்றாகவே இருந்து வருகின்றது.