ஒரே பெயர், இரண்டு நோக்கங்கள்: பன்மேக வடிவமைப்பு குறித்து லண்டன் தரும் சான்று

ஒரு பயன்பாட்டை ஒன்றுக்கு மேற்பட்ட மேகக் கணிமை நிறுவனங்களில் இயக்குவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. எந்த நிறுவனத்திடமும் சிக்கிக்கொள்ளாமல் வேண்டும்போது வெளியேறலாம் என்பது ஒன்று. ஒரு நிறுவனம் செயலிழந்தாலும் நம் சேவை நிற்காது என்பது மற்றொன்று. இரண்டும் ‘பன்மேகம்’ என்ற ஒரே பெயரில் வழங்குவதால், ஒரே வடிவமைப்பு இரண்டையும் நிறைவேற்றும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வெளியேறுவதற்கு உதவும் வடிவமைப்பு, விபத்தில் பிழைப்பதற்குப் பெரும்பாலும் உதவாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெளியேறும் உரிமை பற்றிய கவலை நியாயமானதே. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2025 ஜூலை 31 அன்று வெளியிட்ட இறுதி முடிவின்படி, அந்நாட்டின் மேக உட்கட்டமைப்புச் சந்தையில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் தனித்தனியே 30 முதல் 40 சதவீதம் வரை வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் நிறுவனம் மாறும் வாடிக்கையாளர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தரவை வெளியே எடுக்கக் கட்டணம், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் தொழில்நுட்பம் ஆகியவை தடைகள். இதற்கு மருந்தாகப் பொதுக் கருவிகள் பரிந்துரைக்கப்படுகின்றன: குபர்நெட்டீஸ், போஸ்ட்கிரஸ் போன்ற திறமூல மென்பொருள்கள், எங்கும் ஓடும் ஒரே நிரல். அந்தந்த மேகத்தின் தனிச்சிறப்பான வசதிகளைத் துறப்பதே இதற்கான விலை. வெளியேறுவதுதான் நோக்கம் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம்.

பிழைப்பதற்கு இது போதுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மேகம் 99.9 சதவீத நேரம் இயங்குகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8.8 மணி நேரம் நிற்கும். தரவுத்தளத்தை ஒரு மேகத்திலும் நிரலை இன்னொன்றிலும் வைத்தால், இரண்டில் எது நின்றாலும் பயன்பாடு நிற்கும். முடக்கம் ஏறத்தாழ 17.5 மணி நேரமாகிவிடும். நடைமுறையில் பன்மேகம் என்று பெருமையாகச் சொல்லப்படும் பல அமைப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மாறாக, ஒன்று நின்றால் மற்றொன்று முழுதும் ஏற்கும் என்றால் முடக்கம் ஆண்டுக்கு அரை நிமிடமாகச் சுருங்கும். ஆனால் இரண்டும் தனித்தனிக் காரணங்களால் மட்டுமே விழும் என்ற நிபந்தனை அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த நிபந்தனை எளிதில் உடையும். 2022 ஜூலை 19 அன்று பிரிட்டனின் வெப்பநிலை முதல்முறையாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. லண்டனின் கைஸ், செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளுக்கு இரண்டு தரவு மையங்கள் இருந்தன. வெயிலில் இரண்டுமே முடங்க, மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அதே நாளில் கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் லண்டன் மையங்களிலும் குளிரூட்டல் பழுதானது. வெயிலைப் போலவே நிரலும் பொதுக் காரணமாகலாம். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை, அவை யாருடைய மேகத்தில் இருந்தாலும், ஒருசேர வீழ்த்தியது. இரண்டு மேகங்களில் ஒரே நிரலை வைத்தால், நிரலின் பிழையும் இரண்டிலும் இருக்கும். வெளியேற உதவிய ஒருமை, பிழைப்பதற்கு இங்கே எதிரியாகிறது.

லண்டனில் 2015இல் தொடங்கப்பட்ட மோன்சோ வங்கி வேறு வழியில் போனது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட இந்த வங்கியின் முதன்மை அமைப்பு அமேசானில் ஓடுகிறது. அதில் 3,000 அளவில் நுண்சேவைகள் உள்ளன. அவர்கள் கூகுளில் அமைத்திருக்கும் மாற்று அமைப்பில் இருப்பவை 18 மட்டுமே. அட்டையில் செலவழிப்பது, பணம் எடுப்பது, அனுப்புவது, பெறுவது, இருப்பைப் பார்ப்பது, அட்டையை முடக்குவது என இன்றியமையாதவை மட்டும் அங்கே உண்டு. நிரலும் முதன்மையின் நகல் இல்லை, தனியே எழுதப்பட்டது. இயக்கச் செலவு முதன்மையின் செலவில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. இந்த எண்களைவிட, 3,000இலிருந்து 18ஐத் தேர்ந்தெடுத்த துணிவே என்னைக் கவர்கிறது. எதெல்லாம் இல்லாமல் ஒரு நாள் வாழலாம் என்று முடிவெடுப்பது தொழில்நுட்பத்தைக் காட்டிலும் கடினமான வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டு இடங்களில் பேரேடு இருந்தால் கணக்கு ஒத்துப்போகுமா? முதன்மையிலிருந்து மாற்று அமைப்புக்குத் தரவு சற்றுப் பிந்தியே வந்து சேரும். இடைப்பட்ட கணத்தில் செலவான பணத்தை அது அறியாமல் போகலாம். இருப்புக்கு மேல் ஒருவர் செலவழிக்கவும் கூடும். மோன்சோ இந்த இடரை மறைக்காமல் ஏற்கிறது. மாற்று அமைப்பு தான் செய்த ஒவ்வொரு செயலையும் குறித்து வைக்கிறது. முதன்மை மீண்டதும் அக்குறிப்புகளைத் தன் பேரேட்டில் ஏற்றிக்கொள்கிறது. சில வாடிக்கையாளர்களின் கணக்கில் சில பவுண்டுகள் பிசகலாம். சந்தையில் காய்கறியோடு நிற்பவரின் அட்டை வேலை செய்யாமல் போவதைவிட அது சிறிய தீங்கு என்பதே என் துணிபு.

ஒழுங்குமுறையாளர்களின் சிந்தனையும் இதே திசையில்தான் செல்கிறது. பிரிட்டனின் நிதி ஆணையங்கள் வகுத்து, 2022 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், எத்தனை மேகம் என்று கேட்பதில்லை. முக்கியச் சேவைகள் எவை, அவை எவ்வளவு நேரம் நின்றால் பொறுக்க முடியாத தீங்கு நேரும் என்றே கேட்கின்றன. மேகங்களை எண்ணுவது போலவே, மையம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் போதாது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா மையங்களில் தோன்றிய பெயர்முகவரி (DNS) கோளாறு, லாயிட்ஸ் வங்கியையும் பிரிட்டனின் வரித்துறைத் தளத்தையும் எட்டியது. அமேசானுக்கு லண்டனிலேயே 2016 முதல் மையங்கள் இருக்கின்றன. அருகில் எந்திரம் இருப்பதால் தொலைவிலுள்ள சார்பு அறுந்துவிடுவதில்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் குழுக்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். இரண்டாவது மேகத்துக்கு ஒப்பந்தம் போடுமுன், நின்றுவிடக் கூடாத சேவைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றை மட்டும், வேறொரு நிரலில், வேறொரு மேகத்தில் கட்டுங்கள். அதற்கு மாறும் விசை, விழக்கூடிய மேகத்துக்குள் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.