தமக்கெனச் செய்த கருவி

மன்னர்களும் போர்களும் மட்டுமே வரலாறு ஆகா. மனிதன் ஆக்கிய கருவிகளுக்கும் வரலாறு உண்டு. இன்று பி.எச்.பி. என்னும் கணினி நிரல்மொழியின் வரலாற்றைக் காண்போம். இணையப் பக்கங்களுள் மிகப் பல இம்மொழியின் துணையால் உருவாகின்றன. நீங்கள் பாடக் குறிப்புத் தேடும் விக்கிப்பீடியாவும் அவற்றுள் ஒன்று.

கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் பயின்ற ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தம் கல்வி, தொழில் விவரங்களை இணையப் பக்கம் ஒன்றில் வெளியிட்டிருந்தார். அதனை யார் யார் பார்க்கின்றனர் என்று அறிய விரும்பி, 1994ஆம் ஆண்டில் ‘சி’ என்னும் மொழியில் சில சிறு நிரல்களை எழுதினார். புதிய மொழி படைக்கும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. 1995 ஜூன் மாதத்தில் அவற்றை எல்லோருக்கும் இலவசமாக வழங்கினார். ‘சொந்த முகப்புப் பக்கக் கருவிகள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரிலிருந்தே பி.எச்.பி. என்னும் எழுத்துக்கள் வந்தன.

பின்னர், இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியன் கல்விக்கழகத்தில் பயின்ற ஆண்டி குட்மன்ஸ், சேவ் சுராஸ்கி என்னும் இருவர், தங்கள் பணிக்கு அக்கருவி போதாமை கண்டு, 1997இல் அதனைப் புதிதாக எழுத முற்பட்டனர். லெர்டார்ஃபும் அவர்களோடு இணைந்தார். 1998 ஜூன் மாதத்தில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. விலையின்மை, கற்பதில் எளிமை, பக்கத்தின் நடுவிலேயே நிரலை எழுதும் வசதி ஆகியவற்றால் இம்மொழி உலகெங்கும் விரைந்து பரவியது.

நிற்க. இதன் குறைகள் யாவை? பழைய பதிப்புகளில், பார்வையாளர் அனுப்பும் விவரங்கள் தாமாகவே நிரலின் மாறிகளாக அமைந்துவிடும். இது, பள்ளிக்கு வரும் வெளியார் நீட்டும் சீட்டைப் படித்துப் பாராமல் பதிவேட்டில் ஒட்டிக்கொள்வதை ஒக்கும். ‘நான் நிர்வாகி’ என்று ஒருவன் எழுதி அனுப்பினால், கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அதனை நம்பிவிடும். ஒருவர் தம் சொந்தப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொண்டால் இவ்வசதியால் பெருந்தீங்கு இல்லை. பணமும் இரகசியமும் புழங்கும் பொது இடத்திலோ அது திறந்து கிடக்கும் வாயிலாயிற்று.

மற்றொரு குறை ஒப்பிடுவதில் இருந்தது. எண் இல்லாத ஒரு சொல்லைச் சுழியத்தோடு சாதாரணச் சமக்குறியால் ஒப்பிட்டால், இரண்டும் சமம் என்றே விடை வரும். கட்டளைகளிலும் ஒழுங்கு இல்லை. ஒன்றில் தேடும் பொருளை முதலிற் கூற வேண்டும். மற்றொன்றில் தேடும் இடத்தை முதலிற் கூற வேண்டும்.

குறை தெரிந்தவுடன் நீக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குள் எண்ணிறந்த பக்கங்கள் அப்பழைய வழக்கத்தை நம்பி எழுதப்பட்டுவிட்டன. திடீரென மாற்றினால் அவை பழுதுபடும். ஆகவே, அந்தத் திறந்த வாயில் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில், வேண்டுவோர் மட்டும் திறந்துகொள்ளுமாறு சாத்தப்பட்டது. 2012இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. ஒப்பிடும் குறை 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பிலேயே திருந்தியது. கட்டளைகளின் ஒழுங்கின்மையோ இன்றும் எஞ்சி நிற்கின்றது.

தமக்கெனக் கருவி செய்தவரைக் குறைகூறுதல் முறையன்று. அவர் அதனைப் பிறர்க்கு ஈந்ததனாலேயே பல்லாயிரவர் இணையத்தில் எழுதக் கற்றனர். ஆயினும், ஒருவர் கைக்கு அடங்கியிருந்தபோது ஒரு நாளில் திருத்தத்தக்க பிழை, உலகோர் கைக்குச் சென்றபின் திருந்தப் பல ஆண்டுகள் ஆயின. நாளை நீங்கள் நிரலோ, நூலோ, சட்டமோ எது படைப்பினும், பிறர் கையில் கொடுக்குமுன் மீண்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.