குறைமாதக் குழந்தைக்கு என்ன வயசு? கணக்கு கொஞ்சம் வேறு!

"ஆறு மாசமாச்சே... இன்னும் உட்காரலையா?"

குறைமாதத்தில் பிறந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்.

மிகக் குறைந்த எடை என்றால்?

பிறக்கும்போது 1,500 கிராமுக்கும் குறைவு. இவர்களில் பலர் 32 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்கள்.

மூளைக்கு என்ன ஆகிறது?

24ஆம் வாரத்தில் மூளையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் கடைசி 3 மாதத்தில்தான் உருவாகும். கருப்பையில் நடக்கவேண்டிய அந்த வளர்ச்சி, இவர்களுக்கு இன்குபேட்டரில் நடக்கிறது.

மூளையின் இரத்தக் குழாய்களும் மிக மென்மையானவை. இரத்தக் கசிவு ஏற்பட்டால், பெரும்பாலும் முதல் 3 நாளில் ஏற்படும். அதனால்தான் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்.

வயதை எப்படிக் கணக்கிடுவது?

பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போது 6 மாதமா? முந்திய 12 வாரத்தைக் கழித்தால் சுமார் 3 மாதம்தான். 3 மாதக் குழந்தை எப்படி உட்காரும்?

வழக்கமாக 2 வயது வரை இந்தத் 'திருத்திய வயது'தான் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதி.

அப்போ கவலையே வேண்டாமா?

அப்படியும் இல்லை. பெருமூளை வாதம், பார்வை, செவித்திறன் குறைபாடு ஆகியவற்றுக்கான அபாயம் இவர்களுக்கு அதிகம். கற்றல் சிரமம் பள்ளி வயதில்தான் தெரியவரலாம். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று மருத்துவப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சியையும் சீக்கிரம் தொடங்கலாம்.

அடுத்த முறை யாராவது கேட்டால், திருத்திய வயதைச் சொல்லுங்க!